இரண்டு ஊருக்கு ஒரே பின்கோடு

1990 அக்டோபர் 3 அன்று ஜெர்மனி சட்டப்படி ஒரே நாடானது. அன்று முதல் அங்கே தபால்காரர்கள் பட்ட பாட்டிலிருந்து தொடங்கலாம். மேற்கு ஜெர்மனியின் தலைநகராக இருந்த பான் நகரத்தின் பின்கோடு 5300. 1919-இல் ஜெர்மனியின் முதல் குடியரசுக்கு அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்ட வைமார் நகரம் கிழக்கில் இருந்தது. அதன் பின்கோடும் 5300. நாற்பது வருஷம் தனித்தனி அரசாக இருந்தபோது ஆளுக்கொரு பட்டியல் போட்டுக்கொண்டதன் விளைவு. இப்படி இடிக்கும் எண்கள் ஏராளம். தற்காலிகமாக ஒரு வழி கண்டார்கள்: மேற்கு என்றால் எண்ணுக்கு முன்னால் 'டபிள்யூ', கிழக்கு என்றால் 'ஓ'. ஐந்து இலக்கப் புதுப் பின்கோடு வந்தது 1993 ஜூலை 1-இல். இடைப்பட்ட இரண்டே முக்கால் வருஷம், ஒன்றான நாட்டில் போட்ட ஒவ்வொரு கடிதமும் 'நான் எந்தப் பக்கம்' என்று முகத்தில் எழுதிக்கொண்டுதான் போனது.

பெர்லின் சுவரைச் சுத்தியலால் உடைக்கும் படத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். அது ஒரு ராத்திரி வேலை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கவுன்டர் வேலை: வங்கியில், பத்திரப்பதிவில், ஆவணக்காப்பகத்தில், ஓய்வூதிய அலுவலகத்தில். சர்வாதிகாரத்தையும் போரையும் கடந்து வந்த ஒரு நாடு எதைச் சரியாகச் செய்தது, எங்கே சறுக்கியது என்று தெரிந்துகொள்ள அந்த கவுன்டர்களைத்தான் பார்க்க வேண்டும்.

ஜெர்மனிக்கு இது இரண்டாவது சுற்று. முதல் சுற்று 1945-இல். ஹிட்லரின் கட்சியில் யார் யார் என்ன செய்தார்கள் என்று சலித்தெடுக்க, அமெரிக்கப் படை 131 கேள்விகள் கொண்ட படிவத்தைக் கையில் கொடுத்தது. பதிலை வைத்து ஆளை ஐந்து வகையில் ஒன்றில் போட வேண்டும்: முதன்மைக் குற்றவாளி, குற்றத்தில் பங்குள்ளவர், குறைந்த பங்குள்ளவர், கூடவே நடந்தவர், குற்றமற்றவர். 1946 மார்ச்சில் இந்த வேலை உள்ளூர் ஜெர்மானியர்கள் அமர்ந்த விசாரணை மன்றங்களுக்குப் போனது. அங்கேதான் இடறியது. சாட்சி சொல்ல வருபவர் பக்கத்து வீட்டுக்காரர், ஊர்ப் பாதிரியார், பழைய முதலாளி. 'இவர் மனசளவில் நாஜி இல்லை' என்று ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். பெர்சில் என்ற சோப்புத்தூளின் பெயரை வைத்து மக்கள் அதைப் 'பெர்சில் சீட்டு' என்றார்கள். வெள்ளாவியில் வைத்து எடுத்தது போல் ஆட்கள் வெளியே வந்தார்கள். பெரும்பாலோர் நான்காவது வகையில், 'கூடவே நடந்தவர்' என்று. இன்னொரு பிழை, சிறிய வழக்குகளை முதலில் முடித்துவிட்டுப் பெரியவற்றைத் தள்ளிப்போட்டது. பெரியவற்றின் முறை வந்தபோது பனிப்போர் வந்துவிட்டது, யாருக்கும் அதில் ஆர்வம் இல்லை. அரசமைப்பின் 131-ஆம் பிரிவின் கீழ் 1951-இல் வந்த சட்டம், வேலை இழந்த பழைய அரசு ஊழியர்களில் பெரும்பகுதியினரைத் திரும்ப நாற்காலியில் உட்காரவைத்தது. படிவத்திலும் 131, பிரிவிலும் 131. தற்செயல்தான், ஆனால் யார் வைத்தாலும் இதைவிடப் பொருத்தமாக வைத்திருக்க முடியாது.

அந்தச் சுற்றில் உருப்படியாக நடந்தவையும் உண்டு. 1949 மே 23-இல் அறிவிக்கப்பட்ட அரசமைப்புச் சட்டத்தை எழுதிய 65 பேரில் நால்வர் பெண்கள். 'ஆணும் பெண்ணும் சம உரிமை உடையவர்கள்' என்ற ஒரு வரிக்காக அந்த நால்வரில் ஒருவரான எலிசபெத் செல்பெர்ட் நாடு முழுக்க ஆதரவு திரட்டி, முதலில் மறுத்தவர்களையே சம்மதிக்கவைத்தார். வைமார் குடியரசில் பிரதமர்களைக் கவிழ்ப்பது சுலபம், அடுத்தவரை அமர்த்துவதுதான் கஷ்டம். அந்த ஓட்டையை 67-ஆம் பிரிவில் அடைத்தார்கள்: அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுத்தால்தான் இருப்பவரை இறக்க முடியும். 1972-இல் ஒரு முறை முயன்று தோற்றார்கள். 1982-இல் ஒரு முறைதான் பலித்தது.

அடுத்தது சுமைப்பங்கீட்டுச் சட்டம், 1952. போரில் வீடு தப்பியவர் ஒருபுறம், குண்டில் வீடு போனவரும் கிழக்கு நிலங்களிலிருந்து விரட்டப்பட்டு வந்தவரும் மறுபுறம். விரட்டப்பட்டு வந்தவர்கள் மட்டும் மேற்கு ஜெர்மனியில் ஏறக்குறைய 80 லட்சம் பேர். சொத்து தப்பியவர்கள் 1948 நிலவரப்படி அதன் மதிப்பில் 50 சதவீதத்தைக் கட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. கேட்டதும் பகீரென்றிருக்கும். ஆனால் கட்ட 30 வருஷம், காலாண்டுத் தவணை. சொத்தை விற்காமல் அதிலிருந்து வரும் வருமானத்திலேயே கட்டிவிடலாம். 1979 வரை கட்டினார்கள். 1990-இல் இதை மறந்துபோனது வினோதம். ஒற்றுமைக்காக வரி கூட்ட மாட்டோம் என்று தேர்தலில் பிரதமர் ஹெல்முட் கோல் வாக்குக் கொடுத்தார். 1991 ஜூலையிலேயே வருமான வரிமேல் 7.5 சதவீத 'ஒருமைப்பாட்டுக் கூடுதல் வரி' வந்தது. ஒரு வருஷத்துக்குத்தான் என்றார்கள். 1995-இல் திரும்பி வந்தது, 1998-இல் 5.5 சதவீதமானது, 2021-இல்தான் பெரும்பாலானோருக்கு நீங்கியது. கிழக்குக்காரர்களும் அதே வரியைக் கட்டினார்கள் என்பது மேற்கில் பலருக்கு இன்றும் தெரியாது. மொத்தத் தொகையை முதல் நாளே சொல்லி நீளத் தவணை போட்டிருந்தால் இத்தனை கசப்பு வந்திருக்காது.

சட்டப்படி இணைவதற்கு 1990-இல் இரண்டு கதவுகள் இருந்தன. 146-ஆம் பிரிவு: இரு பக்கமும் சேர்ந்து புது அரசமைப்பு எழுதி மக்களிடம் வைப்பது. 23-ஆம் பிரிவு: கிழக்கு அப்படியே மேற்கின் சட்டத்துக்குள் வந்து சேர்வது. போருக்குப் பின் பிரான்ஸின் பிடியில் இருந்த சார்லாந்து 1957-இல் வந்தது இரண்டாவது கதவு வழியாக. கிழக்கில் அரசும் எதிர்ப்பாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசிய வட்டமேசையினர் புது அரசமைப்பு வரைவு ஒன்றைத் தயாரித்தே வைத்திருந்தார்கள். அதை யாரும் கையில் எடுக்கவில்லை. 1990 ஆகஸ்ட் 23-இல் கிழக்கின் நாடாளுமன்றம் 294-க்கு 62 என்ற கணக்கில் இரண்டாவது கதவைத் தேர்ந்தது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மேற்கு ஜெர்மனி கிழக்குக்காரர்களை எப்போதும் தன் குடிமக்களாகவே எண்ணியது. வந்து இறங்கினால் விசா வேண்டாம், அடைக்கலம் கேட்க வேண்டாம்; பாஸ்போர்ட் கையில் கிடைக்கும். 1989-இல் மட்டும் சுமார் 3.4 லட்சம் பேர் அப்படிப் போய்விட்டார்கள். மருத்துவமனையில் நர்ஸ் இல்லை, பேருந்துக்கு டிரைவர் இல்லை. (இரு பக்கத்துக்கும் நடுவே போட்ட கோட்டை எல்லையாக ஏற்காத இதே கொள்கையால்தான் மேற்கு பெர்லின் தன் பக்கத்தில் பாஸ்போர்ட் பார்க்காமல் விட்டது. எண்பதுகளின் முதல் பாதியில் ஈழத்தமிழர்கள் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராசே நிலையத்தில் ரயில் ஏறி மேற்கே போய்ச் சேர்ந்தது அந்த இடைவெளியில்தான். 1985-இல் மேற்கு கேட்டுக்கொண்டதால் கிழக்கு அரசு அந்த வழியை அடைத்தது.) ஆக 23-ஆம் பிரிவு வேகமாக இருந்தது. அதன் விலை, கிழக்கில் எல்லாம் மாறியது, மேற்கில் தபால் எண்ணைத் தவிர அநேகமாக எதுவும் மாறவில்லை. ஒரு வீட்டுக்கு இருவர் குடிவந்தது போல் இல்லை, ஒருவர் வீட்டில் இன்னொருவர் வந்து தங்கியது போல் ஆகிவிட்டது.

நாடு சேர்வதற்கு மூன்று மாதம் முன்பே, 1990 ஜூலை 1-இல், பணம் சேர்ந்தது. கிழக்கு மார்க்கை எந்த விகிதத்தில் மாற்றுவது? மேற்கின் மத்திய வங்கி இரண்டுக்கு ஒன்று என்றது. கிழக்கில் தெருவில் இறங்கிவிட்டார்கள்: ஒன்றுக்கு ஒன்று தராவிட்டால் நாம் ஒன்றாகவே மாட்டோம் என்று. சம்பளம், ஓய்வூதியம், வாடகை ஒன்றுக்கு ஒன்று என முடிவானது. சேமிப்புக்கு வயதை வைத்து வரம்பு: 1976 ஜூலை 1-க்குப் பின் பிறந்த குழந்தைக்கு 2,000 வரை, 1931 ஜூலை 2-க்கு முன் பிறந்த பெரியவருக்கு 6,000 வரை, இடைப்பட்டவர்களுக்கு 4,000 வரை ஒன்றுக்கு ஒன்று. மீதி இரண்டுக்கு ஒன்று. ரொக்கத்தைக் கொண்டுபோய் நீட்டி மாற்ற முடியாது. கணக்கில் இருக்கும் பணம் மட்டுமே மாறும்.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். அப்பா, அம்மா, இரண்டு சின்னக் குழந்தைகள், ஒரு பாட்டி. கையில் 26,000 கிழக்கு மார்க். எல்லாம் அப்பா கணக்கிலேயே கிடந்தால் 4,000 முழுசாக மாறும், 22,000 பாதியாகும்; மொத்தம் 15,000 டாய்ச் மார்க், அதாவது மேற்கின் பணம். அதையே ஐந்து பேர் கணக்கிலும் பிரித்துப் போட்டால் 18,000 முழுசாக மாறும், 8,000 மட்டும் 4,000 ஆகும், மொத்தம் 22,000. வித்தியாசம் 7,000. விதி இப்படி இருந்தால் அந்த வாரங்களில் உறவுக்காரர்கள் எவ்வளவு நெருங்கியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சில்லறைக்குத் தட்டுப்பாடு என்பதால் கிழக்கின் 50 பெனிக் வரையான காசுகளை இன்னும் ஒரு வருஷம் செல்லும் என்று விட்டுவைத்தார்கள்; நோட்டு மேற்கினுடையது, மீதிச் சில்லறை கிழக்கினுடையது. பழைய நோட்டுகளை ஹால்பர்ஷ்டாட் அருகே மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் கொட்டி அடைத்தார்கள், மக்கிப்போகும் என்று. மக்கவில்லை. ஆள் புகுந்து அள்ளிக்கொண்டு வந்து விற்றபோதுதான் தெரிந்தது. ஒருபோதும் புழக்கத்துக்கு வராத 200, 500 மார்க் நோட்டுகளும் சேகரிப்பவர்கள் கைக்கு வந்தன. 2002-இல் எல்லாவற்றையும் எடுத்து எரித்தார்கள்.

ஒன்றுக்கு ஒன்று என்பது பாட்டிக்கு நல்லது, அவள் மகன் வேலை பார்த்த ஆலைக்கு விஷம். ஆலை முந்தின நாள் வரை கிழக்கு மார்க்கில் சம்பளம் கொடுத்தது, சரக்கைச் சோவியத்துக்கும் போலந்துக்கும் விற்றது. மறுநாள் அதே எண்ணிக்கையில் டாய்ச் மார்க் சம்பளம். சரக்கின் விலை வாங்குபவருக்கு ஒரே இரவில் சில மடங்கு ஏறியது. 1991 தொடக்கத்திலிருந்து கிழக்கு அணி நாடுகளும் டாலர் போன்ற கெட்டி நாணயத்தில்தான் வியாபாரம் என்று ஆனபிறகு பழைய வாடிக்கையாளர்களும் போனார்கள். உள்ளூர்க்காரர்களோ கையில் புதுப் பணம் வந்ததும் மேற்கின் ஜாமையும் மேற்கின் காரையும் வாங்க ஓடினார்கள். பொருளாதாரக் கணக்கில் அந்த விகிதம் தவறு, அரசியல் கணக்கில் தவிர்க்க முடியாதது. இரண்டுமே உண்மை. தவறு விகிதத்தில் இருந்ததைவிட, ஆலைகளுக்குத் தனியாக ஒரு தாங்கல் கொடுக்காமல் விட்டதில்தான் அதிகம் இருந்தது என்பது என் கணிப்பு.

அந்த ஆலைகளையெல்லாம் விற்க ட்ராய்ஹாண்ட் என்ற அறங்காவல் அமைப்பு இருந்தது. கிழக்கின் கடைசி கம்யூனிஸ்ட் அரசு 1990 மார்ச்சில் தொடங்கியது அது. கையில் சுமார் 8,500 நிறுவனங்கள், 40 லட்சம் ஊழியர்கள். தலைவர் டெட்லெவ் ரோவெடர் மொத்த மதிப்பை 60,000 கோடி மார்க் என்று நினைத்தார். 1991 ஏப்ரல் 1-இல் அவரைத் தன் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். 1994 கடைசியில் அமைப்பை மூடியபோது லாபம் இல்லை, 25,000 கோடி மார்க்குக்கு மேல் கடன். பல ஆலைகள் ஒரு மார்க்குக்குப் போயின. கேட்டால் அநியாயம் என்று தோன்றும். ஆனால் ஒரு மார்க் விலையோடு 'இத்தனை வேலைகளைக் காப்பேன், இத்தனை முதலீடு போடுவேன்' என்ற உறுதிமொழியும் சேர்ந்ததுதான் ஒப்பந்தம். கண்காணிக்க ஆள் இருந்த இடத்தில் அது வேலை செய்தது. போட்டியாளரே வாங்கிப் பூட்டிய இடத்தில் கேட்க நாதியில்லை. துரிங்கியாவில் பிஷோஃபெரோடே பொட்டாஷ் சுரங்கத் தொழிலாளர்கள் 1993-இல் உண்ணாவிரதம் இருந்தும் அந்த வருஷக் கடைசியில் சுரங்கம் மூடப்பட்டது. யெனா நகரத்தின் லென்ஸ் தொழில் பிழைத்தது; அங்கே அரசு பெருந்தொகை போட்டது, அரசியல் செல்வாக்குள்ள ஒரு முன்னாள் முதல்வர் பொறுப்பேற்றார். எல்லா ஊருக்கும் அப்படி ஆள் கிடைப்பார்களா?

வீட்டுப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால் போதும். 1920-களில் ஒரு யூதக் குடும்பம் கட்டியது. நாஜிக் காலத்தில் மிரட்டி அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கினார் ஒருவர். ஐம்பதுகளில் அவர் மேற்கே ஓடிப்போக, கிழக்கு அரசு வீட்டை எடுத்துக்கொண்டது. பிறகு அரசிடமிருந்து முறைப்படி ஒரு ஆசிரியர் வாங்கி, கூரை மாற்றி, பின்கட்டு எடுத்து, இருபது வருஷமாக இருக்கிறார். 1990-இல் நியூயார்க்கிலிருந்து ஒரு கடிதம், ஹாம்பர்க்கிலிருந்து ஒரு கடிதம், இரண்டுமே அதே வீட்டைக் கேட்டு. சட்டம் என்ன சொன்னது? 'நஷ்ட ஈட்டைவிடத் திருப்பித் தருவதே முதல்' என்றது. முதல் உரிமை நாஜிக் காலத்தில் இழந்தவருக்கு. ஆனால் நேர்மையாக வாங்கியவரிடமிருந்து பிடுங்க முடியாது, அப்போது கேட்பவருக்குப் பணம்தான். 'நேர்மையாக வாங்கினார்' என்பதை எப்படி நிரூபிப்பது என்பதில்தான் வருஷங்கள் போயின. பெர்லினை ஒட்டிய க்ளைன்மாக்நோவ் போன்ற ஊர்களில் தெருத் தெருவாக இப்படி.

உரிமைகோரல்கள் 20 லட்சத்தைத் தாண்டின. கேட்ட பணம் எவ்வளவு என்பதைவிடப் பதிவேடு உறைந்துபோனதுதான் பெரிய சேதம். உரிமை யாருக்கு என்று முடிவாகாத மனைக்கு எந்த வங்கியும் கடன் தராது. கடன் இல்லாமல் கடை வராது, பட்டறை வராது. 1991-இலும் 1992-இலும்தான் விதியை மாற்றினார்கள்: வேலையோ குடியிருப்போ உண்டாக்குபவருக்கு மனை முதலில் போகட்டும், உரிமைகோருபவருக்குப் பணம் கொடுப்போம் என்று. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். 1945 முதல் 1949 வரை சோவியத் படை பறித்த நிலங்களுக்கு, 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் உட்பட, திருப்பித் தருவதே இல்லை என்று முதலிலேயே கோடு போட்டார்கள். 1991-இல் அரசமைப்பு நீதிமன்றமும் அதை ஏற்றது. நியாயமா என்று இன்றும் சண்டை உண்டு, ஆனால் அந்தப் பகுதியில் பதிவேடு உறையவில்லை.

ஜெர்மனி உலகத்துக்கே முன்மாதிரியானது ஸ்டாசி என்ற கிழக்கு ஜெர்மனி ரகசியப் போலீஸின் கோப்புகளில்தான். 1.6 கோடிப் பேர் கொண்ட நாட்டில் 91,000 முழுநேர உளவு ஊழியர்கள், அதற்குமேல் 1.7 லட்சத்துக்கும் அதிகமான ரகசியத் தகவலாளிகள். 1989 டிசம்பர் 4 அன்று எர்ஃபர்ட் நகரத்தில் ஸ்டாசி கட்டடத்துப் புகைபோக்கியில் புகை வருவதைப் பார்த்த பெண்கள் சிலர் ஆள் திரட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்கள் செய்தது மிகச் சரியான காரியம்: எதையும் படிக்க உட்காரவில்லை, எதையும் வெளியே எடுத்துப் போகவில்லை. அரசு வழக்கறிஞரை வரவழைத்து அறைகளுக்கு முத்திரை வைத்தார்கள், வாசலில் இரவு பகலாக ஆள் போட்டார்கள். மற்ற ஊர்களும் அதையே செய்தன. 1990 ஜனவரி 15-இல் பெர்லின் தலைமையகமும் மக்கள் கைக்கு வந்தது.

பிழைகளும் நடந்தன. வெளிநாட்டு உளவுப் பிரிவு தன் கோப்புகளைத் தானே கலைத்துக்கொள்ள வட்டமேசை அனுமதித்தது. அநேகமாக எல்லாம் போயின. கணினி நாடாக்களையும் 1990 பிப்ரவரியில் அழிக்கச் சொன்னார்கள், நாளைக்கு வரும் எந்த அரசும் ஒரு பொத்தானைத் தட்டி ஆட்களைத் தேடிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில். நல்லெண்ணமானாலும் இழப்பு இழப்புதான். இணைப்பு ஒப்பந்தப்படி கோப்புகளை மேற்கின் காப்பகத்துக்கு அனுப்பப் பார்த்தபோது, 1990 செப்டம்பரில் உரிமைப் போராளிகள் மறுபடி அதே கட்டடத்தில் புகுந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். அதனால்தான் கோப்புகள் கிழக்கிலேயே தங்கின, தனிச் சட்டம் வந்தது. 1992 ஜனவரி 2 முதல் பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் கோப்பைத் தாங்களே படிக்கலாம்.

நடைமுறை இப்படி. விண்ணப்பத்தோடு அடையாளச் சான்று. ஊழியர் முதலில் எஃப் 16 என்ற, குறிப்பு அட்டைகள் அடுக்கிய பெட்டியைத் திறப்பார். அதில் உண்மைப் பெயர், பிறந்த தேதி, ஒரு பதிவு எண். பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்கவில்லை, ஒலிப்பை வைத்து அடுக்கியிருக்கிறார்கள். ஒரே பெயரைப் பலவிதமாக எழுதினாலும் ஒரே இடத்தில் கிடைக்கும். பதிவு எண்ணை எடுத்துக்கொண்டு எஃப் 22 பெட்டிக்குப் போக வேண்டும். அங்கே எண் உண்டு, புனைபெயர் உண்டு, பொறுப்பு அதிகாரி யார் என்பது உண்டு. உண்மைப் பெயர் இருக்காது. ஒரு அட்டையை மட்டும் திருடுபவனுக்கு எதுவும் புரியக் கூடாது என்று ஸ்டாசி செய்த ஏற்பாடு அது. கோப்பு கிடைத்ததும் ஊழியர் முழுக்கப் படித்து, அதில் பாதிக்கப்பட்ட மற்றவர்களின் பெயர்களைக் கறுப்படித்து, நகலை வாசிப்பறையில் வைப்பார். வேவு பார்த்தவர் யார் என்று தெரிய வேண்டுமானால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு: எஃப் 16-இல் பெயர் இருந்தாலே ஆள் உளவாளி என்று முடிவுகட்டுவது. அந்தப் பெட்டியில் வேவு பார்த்தவர்களும் பார்க்கப்பட்டவர்களும் கலந்தே இருக்கிறார்கள். அதிகாரிகளுக்கு மேலிடத்தில் கணக்குக் காட்ட வேண்டியிருந்ததால் ஒன்றுமில்லாததைப் பெரிதாக எழுதுவதும் உண்டு. கையெழுத்திட்ட உறுதிமொழி, பணம் வாங்கிய ரசீது, ஆள் தன் கையாலேயே எழுதிய அறிக்கை ஆகியவைதான் கெட்டியான சான்று. அதிகாரி எழுதிய சுருக்கம் மட்டும் இருந்தால் நிதானமாகப் படிக்க வேண்டும். படிக்கப் போகிறவர் தனியாகப் போகாமல் இருப்பதும் நல்லது. உரிமைப் போராளி வேரா வோலன்பெர்கரை வேவு பார்த்துப் புனைபெயரில் எழுதிக் கொடுத்தவர் அவருடைய கணவரே என்று தெரியவந்தது. கோப்பைத் திறந்தால் பழிவாங்கல் கொலைகள் நடக்கும் என்று பயந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. மண்டையிடிகள் வேறு இடத்தில் வந்தன: மேற்கே தப்பியோடியவர்களைச் சுட்ட பழைய எல்லைக்காவலர்கள் பலருக்கு நீதிமன்றம் நிறுத்திவைத்த தண்டனைதான் கொடுத்தது, கடைசித் தலைவர்களில் ஒருவரான ஏகோன் க்ரென்ஸுக்கு 1997-இல் ஆறரை ஆண்டு. நியாயம் கேட்டோம், சட்டத்தின் ஆட்சி கிடைத்தது என்று போராளி பேர்பெல் போலாய் சொன்னது அந்த ஏமாற்றத்தைத்தான்.

இன்னொரு வேலை இன்றும் முடியவில்லை. 1989 கடைசியில் கோப்புகளை அழிக்கும் இயந்திரங்கள் சூடேறி நின்றுபோக, அதிகாரிகள் கையாலேயே கிழித்தார்கள். இயந்திரம் தூளாக்கியிருந்தால் தீர்ந்தது. கையால் கிழித்தது நாலு துண்டு, எட்டுத் துண்டு. அப்படி 16,000 மூட்டை. 1995 முதல் நியூரம்பெர்க் அருகே சிர்ண்டார்ஃபில் ஊழியர்கள் மேசையில் பரப்பி, தாளின் நிறம், மையின் நிறம், கிழிந்த விளிம்பு பார்த்து ஒட்டினார்கள்.  ஒரே மூட்டைத் துண்டுகளை இன்னொன்றோடு கலக்கக் கூடாது, ஒரு மேசையில் கிழித்தது பெரும்பாலும் ஒரே மூட்டையில் கிடக்கும் என்பதால். 500-க்குச் சற்று மேற்பட்ட மூட்டைகள் முடிந்தன. கணினியால் ஒட்டும் திட்டம் சில மூட்டைகளோடு நின்றது.

சுதந்திரம் எல்லோருக்கும் ஒரே நாளில் வந்ததாகவும் சொல்ல முடியாது. கிழக்கு அரசு ஒப்பந்தத் தொழிலாளர்களாக அழைத்து வந்த வியட்நாமியர்கள் 1989-இல் சுமார் 60,000 பேர். ஆலை மூடியதும் ஒப்பந்தம் போனது. 3,000 மார்க்கும் ஊருக்கு விமான டிக்கெட்டும் கொடுத்தார்கள். தங்கியவர்கள் தெருவில் சிகரெட் விற்றார்கள், பூ விற்றார்கள். 1992 ஆகஸ்டில் ராஸ்டாக் நகரத்தின் லிஷ்டன்ஹாகன் பகுதியில் அவர்கள் குடியிருந்த கட்டடத்துக்குக் கும்பல் தீ வைத்தது, வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள், போலீஸ் பின்வாங்கியது. உள்ளே இருந்தவர்கள் மொட்டைமாடி வழியாகத் தப்பினார்கள். மேற்கும் கிழக்கும் எப்படிச் சேர்வது என்று பக்கம் பக்கமாக எழுதிய ஒப்பந்தத்தில் இவர்களுக்கு இடமே இருக்கவில்லை.

கிழக்கிலிருந்து மேற்கு எடுத்துக்கொண்டது விரல்விட்டு எண்ணக்கூடியது. சிவப்பு விளக்கிலும் வலப்பக்கம் திரும்ப அனுமதிக்கும் பச்சை அம்புப் பலகை 1994-இல் நாடு முழுக்க வந்தது. பாதசாரி விளக்கின் தொப்பிக்கார மனிதனைக் கழற்ற ஆரம்பித்து, மக்கள் கூச்சல் போட்டபிறகு விட்டுவிட்டார்கள்.

கடைசியில் ஓய்வூதியம். ஜெர்மனியில் சராசரிச் சம்பளத்தில் ஒரு வருஷம் வேலை பார்த்தால் ஒரு புள்ளி. புள்ளிக்கு இத்தனை என்று மாத ஓய்வூதியம். கிழக்கில் பெண்கள் பெரும்பாலும் ஆயுசு முழுக்க வேலை பார்த்ததால் புள்ளிகள் நிறைய, ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் மேற்கைவிடக் குறைந்த தொகை. அந்த வித்தியாசத்தை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். 2023 ஜூலை 1-இல் இரண்டு பக்கமும் ஒரே தொகையானது: 37.60 யூரோ. 1990 ஜூலை 1-இல் வங்கி வரிசையில் நின்று முதல் டாய்ச் மார்க்கை வாங்கிய முப்பது வயதுக்காரிக்கு அப்போது வயது 63.